செங்டுவில் ஒரு குளிர்காலம்: கழுத்து வலி, காய்ச்சல், கடையோடு போன பணம்

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவுக்கு 2024 செப்டம்பரில் வந்தேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. கிளம்பும் முன் விசா, போலீஸ் பதிவு, பேங்க் கணக்கு, போனில் பணம் கட்டுவது என்று எதைக் கேட்டாலும் சொல்ல ஆள் இருந்தது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், எப்போது தூங்குவார்கள், உடம்பு வலித்தால் எங்கே போவார்கள், வருடத்தில் எந்த வாரம் ஊரே கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்கு 2,500 யுவான் போய்விட்டது, நம் பணத்தில் சுமார் 30,000 ரூபாய். போதாததற்குச் சீனப் புத்தாண்டுப் பெருநாள் வாரத்தில் காய்ச்சலோடு தனியாகக் கிடந்தேன். சீனர்களின் ஆரோக்கியப் பழக்கங்களைப் புகழ்ந்து எழுதியவை எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் எது காசில்லாமல் கிடைக்கும், எதற்குக் காசை நீட்டும் முன் யோசிக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் அடி வயிற்றில் விழுந்தது. எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்குக் குறைந்து நடந்ததில்லை, இரவு ஒன்பதாகும். இங்கே கேன்டீனில் பதினொன்றரைக்கே வரிசை நிற்கும். ஒரு மணிக்குப் போனால் தட்டு கழுவும் சத்தம்தான் கேட்கும். இரவுச் சாப்பாடும் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிந்துவிடும். வந்த புதிதில் பிஸ்கட்டும் கப் நூடுல்ஸும்தான் என்னைக் காப்பாற்றின. மதியம் சாப்பிட்டு வந்ததும் ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேஜைக்கு அடியிலிருந்து மடக்குக் கட்டில் வரும், போர்வை வரும், கண்பட்டை வரும். இரண்டு மணி வரை பேச்சே இருக்காது, பேராசிரியர் அறையிலும் குறட்டைதான். பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிற பழக்கம் இது. உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலும் இந்த நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முதல் இரண்டு வரை பல்கலைக்கழக அலுவலகம் எதுவும் திறந்திருக்காது, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவைத் தவிர மற்ற டாக்டர்களும் இருக்கமாட்டார்கள். மதிய இடைவேளையில் ஒரு கையெழுத்து வாங்கி வந்துவிடலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது சுடுதண்ணீர். ஒவ்வொரு மாடியிலும் ஒரு கொதிநீர்க் குழாய், ரயில் பெட்டியிலும் ஒன்று. ஆளுக்கொரு பிளாஸ்க். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க முடியாது என்பது ஒரு காரணம். 1952இல் அரசு தொடங்கிய சுகாதார இயக்கம் காய்ச்சிய தண்ணீரை வீட்டுக்கு வீடு வலியுறுத்தியதும் சேர்ந்து, இரண்டு மூன்று தலைமுறையில் இது ரத்தத்தில் ஊறிவிட்டது. தலைவலி என்றாலும் சுடுதண்ணீர், மாதவிடாய் என்றாலும் சுடுதண்ணீர், காதல் தோல்வி என்றாலும் சுடுதண்ணீர் என்று அவர்களே கிண்டல் செய்துகொள்வார்கள். நல்லதாக ஒரு பிளாஸ்க் வாங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் வாங்கச் சொல்கிற பொருள்கள் மிகக் குறைவு, அதில் இது முதல்.

நவம்பர் முடிவில் கழுத்து பிடித்துக்கொண்டது. செங்டுவில் பனி கொட்டாது, வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே அதிகம் போகாது. அதை நம்பி ஏமாறாதீர்கள். சின்லிங் மலைத்தொடர், ஹுவாய் ஆறு என்று ஒரு கோடு உண்டு. அதற்கு வடக்கே இருக்கிற நகரங்களில் அரசே குழாய் வழியாக வீடுகளைச் சூடாக்கும், தெற்கே அந்த ஏற்பாடு இல்லை. பெய்ஜிங்கில் வெளியே உறைபனியாக இருந்தாலும் வீட்டுக்குள் டிஷர்ட் போட்டு உட்காரலாம். செங்டு அந்தக் கோட்டுக்குத் தெற்கே. இங்கே ஐந்து டிகிரி ஈரக் குளிரில் அறைக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு லேப்டாப்பில் தட்டுவோம். விடுதியில் ஹீட்டர் வைத்தால் பறித்துக்கொண்டு போவார்கள், ஏசியின் சூடான காற்றுதான் கதி. அது மூக்கைக் காயவைக்குமே தவிர காலைச் சூடாக்காது. காலையில் எழுந்தால் இடதுபக்கம் திரும்ப முடியவில்லை. பல் தேய்க்கக் குனிந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆய்வகத் தோழி ஒருத்தி, வாசலுக்கு எதிரே இருக்கும் வணிக வளாகத்தில் ஒரு கடையைக் காட்டினாள். கால் ஊறவைப்பது, தோள் அமுக்குவது, முதுகில் கோப்பையைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சவைப்பது எல்லாம் அங்கே நடக்கும். இங்கே தெருவுக்கு நான்கு கடைகள் இப்படி உண்டு. போனதும் சாய்வு நாற்காலி, இஞ்சி போட்ட கஷாயத் தண்ணீரில் ஒரு மரத் தொட்டி, தட்டில் தர்பூசணித் துண்டும் குட்டித் தக்காளியும். அமுக்குபவர்களுக்குப் பெயர் கிடையாது, சட்டையில் குத்திய நம்பர்தான். எனக்கு வந்த பதினெட்டாம் நம்பர் ஐம்பது வயதுக்காரர். தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, முழங்கையை ஊன்றி, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே எடையை மெதுவாக இறக்குவார். வலி கத்தவைக்கும், எழுந்தால் கழுத்து திரும்பும். கைதேர்ந்த மனிதர் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. குறை அவரிடத்தில் இல்லை, கல்லாவில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு 168 யுவான் என்று போட்டிருந்தார்கள். டிசம்பரில் புத்தாண்டுச் சலுகை வந்தது. 3,000 கட்டினால் கணக்கில் 4,000 ஏறும், அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் 98தான். கல்லாப் பெண் கியூஆர் கோடு ஒட்டிய அட்டையை நீட்டி, சலுகை இன்றைக்கு மட்டும்தான் என்றாள். இந்த நாட்டில் முடிவெட்டும் கடை, ஜிம், நீச்சல் குளம், குழந்தைகளின் ஓவிய வகுப்பு என்று எல்லாமே இப்படி முன்பணத்தில்தான் ஓடுகின்றன. சுற்றியிருந்த எல்லோர் போனிலும் நான்கைந்து கடைகளின் இருப்புத்தொகை இருந்தது. நானும் கட்டினேன். பெருநாளுக்கு முன் சுமார் 500 யுவானுக்குப் பயன்படுத்தியிருப்பேன்.

ஜனவரி பிறந்ததும் ஊர் வேறு மாதிரி ஆகத் தொடங்கியது. சந்திரக் காலண்டர்படி வருகிற சீனப் புத்தாண்டான வசந்தப் பெருநாள் 2025இல் ஜனவரி 29, பாம்பு ஆண்டு. அதற்கு முன்னும் பின்னுமாக 40 நாள் நாடே சொந்த ஊருக்கும் திரும்பவும் பயணம் செய்கிறது. ரயில் டிக்கெட் 15 நாளுக்கு முன்பு திறக்கும், திறந்த நிமிடமே தீரும். விடுமுறை ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை எட்டு நாள். ஆனால் அதில் கொஞ்சத்தை ஈடுகட்ட முந்தைய ஞாயிறு ஜனவரி 26உம், பிந்தைய சனி பிப்ரவரி 8உம் வேலை நாள்கள். இந்த ஈடுகட்டும் நாள்களை அரசு முந்தைய ஆண்டு முடிவிலேயே அறிவித்துவிடும், பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்தியாவுக்கு நேரடி விமானமும் கிடையாது. 2020இல் நின்றது 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. பாங்காக் அல்லது கோலாலம்பூர் வழியாகப் பெருநாள் விலையில் போய்வர என் சம்பளத்தில் முடியாது. சரி, எட்டு நாள்தானே, அறையில் இருந்து படிக்கலாம் என்று இருந்துவிட்டேன்.

கேன்டீன்களில் ஒன்றைத் தவிர மற்றவை மூடின. அந்த ஒன்றும் பெருநாள் முன்னிரவுக்குப் பிறகு அரை நேரம்தான். காய்கறிச் சந்தையில் கடை கடையாகச் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். கூரியர் நின்றது. ஜன்னல் கம்பிகளில் வீட்டுக்கு வீடு புகையூட்டிய பன்றி இறைச்சியும் சாசேஜும் தொங்கின. முடிவெட்டும் கடைகளில் மட்டும் நள்ளிரவு வரை கூட்டம், விலையும் ஏற்றம். சந்திரக் காலண்டரின் முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமனுக்கு ஆகாதாம். மொட்டை போடத் தாய்மாமன் மடியைத் தேடுகிற ஊரிலிருந்து வந்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நம்புகிறார்களோ இல்லையோ, பலரும் இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி வரை கத்தரிக்கோல் பக்கம் போவதில்லை.

28ஆம் தேதி சாயங்காலம் உடம்பு வலித்தது. எட்டு மணிக்கு விடுதிக் காப்பாளரின் அறையில் டிவி சத்தம் கேட்டது, 1983லிருந்து ஒவ்வொரு ஆண்டும் அந்த இரவில் வருகிற பெருநாள் நிகழ்ச்சி. பதினொரு மணிக்குக் காய்ச்சல் 39.2. எங்கள் மாடியில் நான் ஒருத்திதான். வீடியோ காலில் அம்மா சுக்குக் கஷாயம் போடச் சொன்னார். சுக்குக்கு நான் எங்கே போக? இஞ்சி வாங்கவே கடை இல்லை. போனில் ஆர்டர் செய்தேன், டெலிவரிக்காரர் வளாகத்துக்குள் வரக்கூடாது, வாசலில் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த ஆளில்லாத மரவரிசைத் தெருவில் நடந்தேன். எங்கோ ஒரு ஜன்னலுக்குள் குடும்பமே கைதட்டிச் சிரிக்கிற சத்தம் வந்தது. வாசலுக்குப் போய் எடுத்துவரும் வழியில் இருந்த கல்பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வாங்கிவந்த பையில் மருந்தும் இரண்டு எலுமிச்சையும் இருந்தன.

அந்த மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே சளிக்கு வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் கன்மாவ்லிங் என்ற குருணைப் பொடியை, வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற மூலிகை என்று எல்லோரும் சாதாரணமாகக் கொடுப்பார்கள். அதில் மூலிகையோடு பாராசிட்டமாலும் இருக்கிறது, தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் இருக்கிறது. நம் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவையும், அதுவும் பாராசிட்டமால்தான், போட்டுக்கொண்டு இதையும் குடிப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் அளவு மீறலாம், பாதிக்கப்படுவது கல்லீரல். பெட்டியின் பின்பக்கத்தைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். மூலிகைப் படம் போட்டிருப்பதாலேயே அது வெறும் மூலிகை ஆகிவிடாது.

காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். புத்தாண்டின் முதல் நாள் மருந்து, ஆஸ்பத்திரி என்று தொடங்கினால் ஆண்டு முழுக்க அப்படியே போகும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அதனாலோ என்னவோ காய்ச்சல் பிரிவில் கூட்டமே இல்லை. நடைமுறையை வரிசையாகச் சொல்கிறேன், தனியாகப் போகிறவருக்கு இது புரியாமல்தான் பாதிப் பயம். பாஸ்போர்ட்டைக் கொடுத்து முதலில் பதிவுச் சீட்டு எடுக்க வேண்டும், அதற்குப் பணம். டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துப் பரிசோதனை எழுதுவார், அதற்குப் பணம் கட்டிவிட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள். முடிவைச் சுவரோரம் இருக்கும் இயந்திரத்தில் நீங்களே அச்சிட்டு அதே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த முறை வரிசை கிடையாது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அடுத்தவர் உட்கார்ந்திருக்கும்போதே தாளை நீட்டிவிட வேண்டும். வெளியே மரியாதையாக நின்றுகொண்டிருந்தால் நின்றுகொண்டே இருப்பீர்கள். அப்புறம் மருந்துச் சீட்டு, மறுபடி பணம், மருந்து ஜன்னல். எனக்கு இன்ஃப்ளுயன்சா ஏ என்று வந்தது. எல்லாம் சேர்த்து 400 யுவான் போல ஆனது. இன்சூரன்ஸில் திரும்ப வாங்க வேண்டுமானால் ஃபாபியாவ் என்கிற வரி ரசீது வேண்டும். பணம் கட்டியதற்கான சாதாரணச் சீட்டு செல்லாது. இதையும் அதே இயந்திரத்தில் எடுக்கலாம், இல்லை ஜன்னலில் கேட்டால் தருவார்கள். ஒவ்வாமை எந்த மருந்துக்கு, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 39 டிகிரியில் மொழிபெயர்ப்புச் செயலியில் தட்ட விரல் வராது. ஆம்புலன்ஸுக்கு 120, அதற்கும் கட்டணம் உண்டு.

திரும்பி வந்தபோது காப்பாளர் பார்த்துவிட்டார். அறுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் ஷென்சென்னில் வேலை, அந்த ஆண்டு வரவில்லை. விடுதியில் எல்லோரும் அவரை ஆயி, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் சூடாகத் தாங்யுவான் கொண்டுவந்து வைத்தார். ஒட்டும் அரிசி மாவு உருண்டைக்குள் கறுப்பு எள் பூரணம், சிச்சுவானில் புத்தாண்டுக் காலை அதுதான். நம் கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி இருக்கும், ஆனால் சைவக்காரர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள், பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அரிசிக் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டேன். ஆயி தயங்கினார். முதல் நாள் கஞ்சி குடித்தால் வறுமை வரும் என்பார்கள். பிறகு, நீ வெளிநாட்டுக்காரி, உனக்கு இது பொருந்தாது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போய் வெள்ளைக் கஞ்சியும் உப்பில் ஊறிய முள்ளங்கியும் கொண்டுவந்தார். அந்த வாரம் முழுக்க அவர் கொடுத்த கஞ்சிதான் என் சாப்பாடு. சாயங்காலம் அவர் அறையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் காலை ஊறவைத்துக்கொண்டு உட்காருவோம். இஞ்சித் தோல், ஒரு கைப்பிடி காய்ந்த மாசிபத்திரி வகை இலை, கணுக்காலுக்கு மேல் வரை தாங்கும் சூட்டில் தண்ணீர், கால் மணி நேரம், நெற்றியில் லேசாக வேர்த்தால் போதும். வாளி 30 யுவான். கடையில் மரத் தொட்டிக்குக் கொடுத்ததை நினைத்து வயிறு எரிந்தது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் தண்ணீர்ச் சூட்டை வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.

பெருநாளுக்குத் தங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே அரிசி, பருப்பு, முட்டை, இஞ்சி, காய்ச்சல் மாத்திரை, தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்கும், சிறு கடைகள் புத்தாண்டின் ஐந்தாம் நாளிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். அன்றைக்குச் செல்வத்தின் தெய்வத்தை வரவேற்றுக் கடை திறப்பது வழக்கம். யார் தங்கியிருக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து, ஒருவருடைய எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

அமுக்கும் கடை ஐந்தாம் நாளும் திறக்கவில்லை, விளக்குத் திருவிழாவான பதினைந்தாம் நாளும் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவில் “உள்ளே புதுப்பிப்பு வேலை” என்று ஒரு தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் சாய்வு நாற்காலிகளே இல்லை. வாசலில் எனக்கு முன்பே சில பேர் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் 10,000 கட்டியிருந்தார். அரட்டைக்கும் பணம் கட்டவும் இங்கே எல்லோரும் வைத்திருக்கும் வீசாட் செயலியில் ஒருவர் குழு தொடங்கினார், ஒரே நாளில் அது நிரம்பியது. பெருநாளுக்கு முன் சலுகை போட்டுப் பணம் திரட்டி, விடுமுறையில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவது இங்கே தெரிந்த வித்தைதானாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. கோபத்தைவிட அந்த நினைப்புதான் அதிகம் குடைந்தது.

12315 என்ற நுகர்வோர் புகார் எண்ணில் பதிந்தேன். வீசாட்டிலேயே படிவம் உண்டு, மொழிபெயர்ப்பு வைத்து நிரப்பிவிடலாம். அவர்கள் உண்மையிலேயே திரும்ப அழைத்தார்கள். முதலாளியின் போன் அணைந்திருக்கிறது, சமரசம் பேச ஆள் இல்லை, நீங்கள் சிவில் வழக்குப் போடலாம் என்றார்கள். போலீஸ் நிலையத்திலும் அதே பதில். ரசீதை எடுத்துப் பார்த்தால் என் பணம் போனது கடைப் பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆளின் வீசாட் கணக்குக்கு. அப்புறம் வேறொரு கடை, உங்கள் இருப்பை நாங்கள் ஏற்கிறோம், ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று தூது அனுப்பியது. போதும் என்று விட்டுவிட்டேன். இன்றுவரை ஒரு யுவான்கூட வரவில்லை.

எனவே முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் சிறிய தொகையாக, அந்த மாதத்திலேயே தீர்ந்துவிடுகிற அளவுக்குக் கட்டுங்கள். பெருநாளுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் கட்டவே வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் வணிக உரிமத்தைப் படமெடுத்து, பணம் போகிற கணக்கின் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். 2025 மே 1 முதல் சீன உச்ச நீதிமன்றத்தின் விளக்கம் ஒன்று நடப்பில் இருக்கிறது. அதன்படி முன்பணம் கட்டி ஏழு நாளுக்குள் அசலைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அதே சேவையை ஏற்கெனவே அனுபவித்தவருக்கு இது பொருந்தாது. “பணம் திருப்பித் தரப்படாது” என்று கடை எழுதி வைத்திருந்தாலும் அது செல்லாது. நான் கட்டியபோது இதெல்லாம் இல்லை. இருந்திருந்தாலும் ஓடிப்போனவரைப் பிடிப்பது வேறு கதை.

கழுத்து? அதற்கு அரசு பாரம்பரிய மருத்துவமனைக்குப் போகலாம் என்று ஆயிதான் சொன்னார். அங்கே துயினா என்கிற அமுக்கு வைத்தியத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள். கட்டணப் பட்டியல் சுவரில் இருக்கிறது, எனக்குப் பதிவுச் சீட்டு உட்பட ஒரு தடவைக்கு 100 யுவானுக்குள் முடிந்தது, ரசீதும் உண்டு. எங்கே போனாலும், கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அரிதாக என்றாலும் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழியும் ஆபத்து அதில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோப்பை வைப்பதையும், தோலைச் சுரண்டும் குவாஷாவையும் தவிர்ப்பது நல்லது.

ஆனால் கழுத்தை நிரந்தரமாகச் சரிசெய்தது பூங்கா. மார்ச்சில் ஆயி காலை ஆறரைக்குக் கதவைத் தட்டி அழைத்துப் போனார். வீட்டுக்கு அருகிலிருக்கும் எந்தப் பூங்காவிலும் இதே காட்சிதான். ஒருவர் மரத்தில் முதுகை மொத்துமொத்தென்று மோதிக்கொள்வார், ஒருவர் பின்பக்கமாக நடப்பார், ஒரு தாத்தா சாட்டையால் இரும்புப் பம்பரத்தை அடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வாளித் தண்ணீரில் பெரிய தூரிகையை முக்கித் தரையில் கவிதை எழுதுவார், வெயில் வந்தால் காய்ந்துபோகும். ஆயியின் குழு செய்வது பாதுவான்ஜின் என்ற பழைய உடற்பயிற்சி, எட்டே அசைவுகள். பெயர் சோங் வம்சக் காலத்து நூல்களிலேயே வருகிறது. இரு கையால் வானத்தைத் தாங்குவது முதல் அசைவு, இரண்டாவது வில்லை வளைப்பது. நான்காவதில் நின்ற இடத்தில் தலையை மட்டும் மெதுவாகப் பின்னால் திருப்பிப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கடைசியில் குதிகாலைத் தூக்கித் தரையில் தட்டுவது, ஏழு முறை. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாது. பக்கத்தில் தைச்சி ஆடுகிறவர்கள் 1956இல் விளையாட்டுத் துறை எளிமைப்படுத்திய 24 அசைவு வடிவத்தை ஆடினார்கள், அதைக் கற்கப் பொறுமை வேண்டும். பாதுவான்ஜினை பார்த்தே பழகிவிடலாம். யாரும் பெயர் கேட்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை. பின்வரிசையில் போய் நின்றால் போதும். முழங்கை தாழ்ந்திருந்தால் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் வந்து தூக்கிவிட்டுப் போவார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அதே இடத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்ட நடனம். ஆடுகிறவர்களில் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சத்தத்துக்குச் சண்டை போடுவதும் வழக்கம்தான். 2022இல் வந்த இரைச்சல் சட்டம் இதையும் கணக்கில் எடுத்திருப்பதால் இப்போது நேரத்துக்கு நிறுத்திவிடுகிறார்கள். சில குழுக்கள் ஸ்பீக்கர் செலவுக்குக் கொஞ்சம் வசூலிக்கும். ஆடப் பிடிக்காதவர்கள் சாப்பிட்ட கையோடு சுற்றி நடப்பார்கள். ஐந்தரை மணிச் சாப்பாட்டின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாப்பிட்டு, நடந்து, காலை ஊறவைத்து, பத்து மணிக்குள் படுத்துவிடலாம்.

மாஜோங் என்ற கல் விளையாட்டை மட்டும் நான் ஆரோக்கியப் பட்டியலில் சேர்க்கமாட்டேன். செங்டுவில் தேநீர்க் கடைக்குக் கடை கல்லைக் கலக்கும் சத்தம்தான். மூன்று வகைக் கற்கள் மட்டும், மொத்தம் 108, கற்பது சுலபம். ஆனால் மணிக்கணக்காக உட்கார்ந்தபடி, சிகரெட் புகைக்குள், காசு வைத்து ஆடுவார்கள். அறிமுகமில்லாத மேஜையில் உட்காராதீர்கள்.

தேநீருக்கு மக்கள் பூங்காவில் இருக்கும் ஹெமிங் தேநீர்க் கடைக்குப் போகலாம், 1923இலிருந்து இருக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடியும் தட்டும் உள்ள கிண்ணம், மல்லிகைத் தேநீர். ஒரு கிண்ணம் வாங்கினால் நாள் முழுக்க உட்காரலாம், மூடியைத் திறந்து வைத்தால் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே பெற்றோர்கள் பிள்ளைகளின் வயது, உயரம், சம்பளம் எழுதிய தாள்களைத் தொங்கவிட்டு வரன் தேடுவார்கள், அதை வேடிக்கை பார்க்கவே ஒரு மதியம் போகும். உட்கார்ந்திருக்கும்போது நீளமான இரும்பு இடுக்கியை ‘டங்’ என்று மீட்டிக்கொண்டு காது சுத்தம் செய்பவர்கள் வருவார்கள். இந்த ஊரின் புகழ்பெற்ற சுகம் அது, ஆயிக்கு மிகவும் பிடிக்கும். நான் செய்துகொள்வதில்லை. ஒரே கருவி எத்தனை காதுக்குள் போய் வந்திருக்கும் என்ற நினைப்பு என்னை விடுவதில்லை. செய்துகொள்கிறவர்கள் உட்காரும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுப் போனில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு காதுக்குச் சொன்ன விலையை முடிந்த பிறகு இரண்டால் பெருக்கி, மருந்துத் தைலத்துக்குத் தனியாகவும் கேட்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.